பஸ் டைம்

எங்கள் பழைய கணினி செத்துப்போனதற்கு நான் கடலைத்தான் குற்றம் சொல்வேன். அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பிலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலுக்குத் தெரியும். உப்புக் காற்று கதவுக் கீலைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், அதற்கும் பசி அடங்காவிட்டால் கணினிக்குள் புகுந்துவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது ஒரு சத்தமும் போடாமல் அணைந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

குடியிருப்பு எங்களுடையது என்று சொன்னேனே தவிர, அது என் மனைவிக்கு ஒதுக்கப்பட்டது. அணுமின் நிலையத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு மானி கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டினால் அதைப் பிடித்துத் திருத்துவது. நான் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் எனக்கு 'மேடம் வூட்டுக்காரர்' என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதைத் தபால்காரர் மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். அவளுக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமான புதிதில் அவள் என்னை "இன்னாப்பா" என்று கூப்பிட்டதைக் கேட்டு என் அம்மா குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அம்மாவுக்கும் பழகிவிட்டது. எனக்கு அந்த 'இன்னாப்பா' இல்லாமல் பொழுது விடியாது என்றாகிவிட்டது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவி காலையில் போனால் சாயங்காலம் திரும்புவாள். அவள் திரும்பும் நேரத்தில் எனக்கு வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டம் தொடங்கியிருக்கும். காதில் மாட்டியதைக் கழற்றுவதற்குள் அவள் தூங்கப் போய்விடுவாள். ஒரே வீட்டில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வாழ்கிறோம் என்று அவள் சொல்வதுண்டு.

கணினி செத்த அந்த வாரத்தில்தான் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் இனி பெங்களூர் அலுவலகத்துக்கு வர வேண்டும். வர முடியாதவர்கள், தங்கள் கணினி புதிய பாதுகாப்பு முறைப்படி அலுவலக வலைக்குள் நுழைகிறது என்று காட்டினால் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு மேலாளர் வீடியோவில் உட்கார்ந்து பார்ப்பார். நுழைந்தால் அணுபுரம், நுழையாவிட்டால் பெங்களூர். அவ்வளவு எளிமையாகச் சொல்லியிருந்தார்கள்.

மனைவியின் வேலையைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக, நான் அங்கே ஒரு அறையில், அவள் இங்கே ஒரு வீட்டில், மகள் இன்னொரு ஊரில். எனக்கு அது வேண்டாம். இந்த வயதில் தனியாக ஒரு அறையில் குக்கர் வைத்துச் சாப்பிட எனக்கு விருப்பமில்லை. அவள் இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டு நுழையவும் விருப்பமில்லை.

பழையது செத்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டுக்குப் போய் ஒரு கணினி வாங்கினேன். பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகளைத் துடைத்து, தூசி தட்டி விற்கிற கடை. கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"விண்டோஸ் போட்டே தரேன் அண்ணாத்த. வூட்டுக்குப் போய் சொருகி உட்டா ஓடிகினே இருக்கும்."

"வேண்டாங்க. நான் லினக்ஸ் போட்டுக்கிறேன்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க இஷ்டம். அப்பால பேஜாருன்னு எனக்கு போன் பண்ணாதீங்க."

நான் சிரித்துக்கொண்டேன். கல்லூரி நாளிலிருந்தே நான் விண்டோஸை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுக்கொள்கிற கட்சி. இந்தக் கட்சிக்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எது கெட்டாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிற திமிர். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று மனைவி சொல்வாள்.

அன்று மத்தியானமே ஆரம்பித்தேன். முதலில் அந்தப் பெட்டி லினக்ஸ் வைத்திருந்த என் பென்டிரைவை மதிக்கவே இல்லை. பெட்டியை உசுப்பும்போது ஏதோ ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், எந்தப் பொத்தான் என்று அதற்குத்தான் தெரியும். மேல் வரிசைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அமுக்கி, ஒருவழியாக உள்ளே போனேன். எல்லாம் நிறுவி முடித்துப் பார்த்தால் வைஃபை இல்லை. இல்லை என்றால், அப்படி ஒரு பொருளே தன் உடம்பில் கிடையாது என்று சாதித்தது. அதை வேலை செய்யவைக்க ஒரு துண்டு நிரல் வேண்டும், அந்தத் துண்டை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும். கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு கோத்து, அதன் வழியாக இணையத்தை இழுத்து, அந்தத் துண்டைப் போட்டேன். திரையின் மூலையில் வைஃபை குறி முளைத்தது. சமையலறையில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இத்தயா மத்தியானத்துலேந்து பண்ணிகினு இர்ந்த?" என்றாள்.

திங்களன்று அலுவலக வலைக்குள் நுழைந்து பார்த்தேன். முன்பெல்லாம் நுழைவதற்கான எண்ணைக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள். புது முறையில் கணினியிலேயே ஒரு சின்ன நிரல் ஆறு இலக்க எண் ஒன்றைக் காட்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறிவிடும், மாறுவதற்குள் அடிக்க வேண்டும். அடித்தேன். கதவு திறந்தது. பெங்களூரை மனதுக்குள் வழியனுப்பி வைத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலையத்தின் ஸ்டாஃப் பஸ் ஏழேகாலுக்கு வரும். ஏழு பதினாறுக்கு வந்து நிற்பவருக்கு அதன் புகைதான் கிடைக்கும். அதனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கடிகாரம் உண்மை பேசாது. எங்கள் வீட்டில் பத்து நிமிடம் முன்னால் ஓடும். கூடத்துச் சுவர்க் கடிகாரம், படுக்கையறை அலாரம், அவள் கைக்கடிகாரம், பழைய கணினி, எல்லாம் அப்படித்தான். எதிர் வீட்டில் கால் மணி நேரம், ஏனென்றால் அவர்கள் வீட்டில் குளியலறைச் சண்டை அதிகம். இதற்குப் பஸ் டைம் என்று பெயர். பிறந்தநாள் விருந்துக்கு யாராவது ஏழு மணிக்கு வாங்க என்றால், 'பஸ் டைமா, நெஜ டைமா' என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். கடிகாரம் முன்னால் ஓடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துப் பதறி ஓடுவோம்.

அதன் பலனாக நாங்கள் நிறுத்தத்துக்குப் போனால் பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும். நானும் அவளோடு போவேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று பேசுவோம். பெரிய பேச்செல்லாம் கிடையாது. மகள் அனுப்பிய செய்தி, மாடிக்காரர் வீட்டுத் தண்ணீர்க் கசிவு, சதுரங்கப்பட்டினத்தில் நல்ல சங்கரா மீன் வந்திருக்கிறதாம் என்கிற மாதிரி. பஸ் வந்ததும் ஏறிவிடுவாள். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

புதுக் கணினி வந்த வாரம் நான் போகவில்லை. அது இணையத்திடம் கேட்டு நிஜ நேரத்தைக் காட்டியது. அவள் வாசலில் நின்று "டைம் ஆச்சு" என்பாள். நான் திரையின் மூலையைப் பார்த்து, "இன்னும் நேரம் இருக்கு, நீ முன்னாடி போ" என்பேன். எதையாவது நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. எழுத்துரு, நிறம், பின்னணிப் படம் என்று. அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை நான் தூங்கி எழுவதற்குள் அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். எழுந்து எண்ணை அடித்தேன். 'தவறான எண்' என்றது. விரல் பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி அடித்தேன். தவறான எண். ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். அப்போதும் அதுதான் பதில். மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மற்ற எல்லோருக்கும் சரியாக வேலை செய்கிறது என்றார். "திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?" என்று அவர் கேட்ட விதத்தில் பெங்களூரில் எனக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி போட்டுவிட்டது தெரிந்தது.

முந்தைய நாள் நான் கணினிக்குப் புதுப்பிப்புகளை இறக்கியிருந்தேன். குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான் என்று அந்தப் புதுப்பிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கதவு திறக்கவில்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவினேன். மறுபடி பொத்தான்கள், மறுபடி வைஃபை, மறுபடி கைப்பேசிக் கம்பி. சாயங்காலம் எண்ணை அடித்தேன். திறந்தது. "பாத்தியா, அப்டேட்தான் காரணம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஞாயிறு காலை வழக்கம்போல அவள் கணினியில் பாட்டு போட்டுவிட்டு மீன் கழுவப் போனாள். நான் எழுந்து, பல்கூடத் துலக்காமல், சும்மா ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். தவறான எண்.

இந்தமுறை எந்தப் புதுப்பிப்பும் இல்லை. யாரும் எதையும் தொடவில்லை. சாயங்காலம் நன்றாக இருந்தது, காலையில் கெட்டுவிட்டது. வைஃபையைச் சந்தேகப்பட்டேன். பெட்டியைக் கழற்றி உள்ளே ஏதாவது பூத்திருக்கிறதா என்று பார்த்தேன். போன் பண்ணாதீங்க என்று சொல்லியிருந்த செங்கல்பட்டுக் கடைக்காரருக்கும் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இவ்வளவும் செய்தவன் நேரத்தைப் பார்க்காமலா இருந்திருப்பேன்? பார்த்தேன். அந்த ஆறு இலக்க எண் வானத்திலிருந்து குதிப்பதில்லை. நேரத்தை வைத்துத்தான் கணினி அதைக் கணக்கிடுகிறது. அலுவலகமும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இங்கே மணி என்னவோ அதுவே அங்கேயும் இருந்தால்தான் இரண்டு எண்ணும் ஒத்துப்போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் திரையின் மூலையைப் பார்த்தேன். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. நேரம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த சந்தேகத்துக்குப் போனேன். இத்தனை வருடம் பஸ் டைமில் வாழ்ந்தவனுக்குச் சுவரில் தொங்குவதுதான் நேரம்.

சாயங்காலம் அவள் என்னை வலுக்கட்டாயமாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். மகாபலிபுரம் வரை வண்டியில் போய், கூட்டமில்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தோம். அவள் சுண்டலை என் கையில் கொட்டினாள்.

"வேலை செய்யலேன்னா போய்த்தான் ஆகணுமா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வேற வேலை?"

"தேடணும். உடனே கிடைக்காது."

சுண்டல் தீரும் வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கள் காலை நான் கணினி முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நோண்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் வாசலில் நின்று "டைம் ஆச்சு" என்றாள். திரையின் மூலையைப் பார்த்தேன். ஏழு பத்து. ஆமாம், நேரம் ஆகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மரத்தடியில் இரண்டு மூன்று பேர்தான் நின்றார்கள்.

"பஸ் போயிருச்சா?" என்றேன்.

"இன்னும் பத்து நிமிஷம் கீது."

"கிளம்பும்போதே கம்ப்யூட்டர்ல ஏழு பத்து."

அவள் அடையாள அட்டையின் நாடாவைச் சரிசெய்துகொண்டாள். நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஏழு நான்கு. வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டையில் உட்கார்ந்தன. சனிக்கிழமை நான் புதிதாக நிறுவியபோது அது தன் நேரத்தைத் தானே திருத்திக்கொண்டது, அதனால்தான் திறந்தது. பிறகு யாரோ மறுபடி மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கணினிக்கும் வைஃபைக்கும் ஒரே கடவுச்சொல். அதை அறிந்த 'யாரோ' என் பக்கத்தில்தான் நின்றாள்.

"நீயா மாத்தின?"

"ஆமா. வெள்ளிக்கெழம காலைல ஒரு தபா மாத்தினேன், நீ அழிச்சிட்ட. நேத்து பாட்டு போடறப்ப மறுபடி மாத்தினேன்."

"கருவி சரிபார்க்கிற ஆளு நீ. எந்தக் கடிகாரம் சரி, எது தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன்னுது சரியாத்தான் ஓடிச்சி." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்த பாத்துகினு நீ ஒரு வாரமா 'இன்னும் நேரம் இருக்கு, முன்னாடி போ'ன்ற. நான் இங்க வந்து தனியா நின்னுகினு கீறேன். நம்ம பேசறதே இந்த பத்து நிமிஷம்தான்."

எனக்குக் கோபம் வரவேண்டும். மூன்று நாள் என் உயிரை எடுத்த விஷயம். வரவில்லை. அவள் ஒரு வாரம் இந்த மரத்தடியில் தனியாக நின்றதுதான் கண் முன்னால் வந்தது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எண்ணுக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பை அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு நீட்டி முழக்கிச் சொல்ல வேண்டியதில்லை, பாதியிலேயே புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது.

"அப்ப அது என்னாலயா?"

நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி என்னை விரட்டினாள். "நின்னுகினு இர்க்காத. போ. போய் திருப்பு."

பால் வாங்க மறந்து வீட்டுக்குப் போனேன். அமைப்புகளுக்குள் போய், நேரத்தை இணையத்திடமே கேட்டுக்கொள் என்று அதற்குச் சொன்னேன். மூலையில் இருந்த மணி பத்து நிமிடம் பின்னால் குதித்தது. எண்ணை அடித்தேன். திறந்தது. மூடிவிட்டு மறுபடி அடித்தேன். திறந்தது. பத்து மணிக்கு மேலாளர் வந்தார், பார்த்தார், "நல்லா இருக்கு, நீங்க அங்கேயே இருங்க" என்றார். அவர் பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என்ன கோளாறு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் கட்சியின் மானம் என்ன ஆவது.

அன்று சாயங்காலக் கூட்டத்துக்குத் தாமதமாக வருவதாகச் செய்தி அனுப்பிவிட்டு நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். அவள் படியில் இறங்கும்போதே கேட்டாள்.

"இன்னா ஆச்சு?"

"இங்கேதான் இருக்கப்போறேன்."

பையை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையைத்தான் துடைக்கிறாள் என்று நானும் வேறு பக்கம் பார்த்தேன். பாதித் தூரம் வந்த பிறகுதான் பேசினாள்.

"பத்து நிமிஷம் நீ கூட வந்து நிக்கறதுக்கே கடியாரத்த திருப்ப வேண்டிகீது. நீ பெங்களூருக்கு பூட்டா நான் எத்த திருப்பறது?"

பையைத் தோள் மாற்றிக்கொண்டு அவளோடு நடந்தேன்.

மறுநாள் காலை அவள் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் ஏழு பத்து. கணினியில் ஏழு மணி. அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு நாங்கள் அவசர அவசரமாகப் பஸ்ஸுக்குக் கிளம்பினோம்.